மூவர் சங்கத்தின் முதலாம் விதி

நல்லூர்
8 செப்ரெம்பர் 1986

அன்புள்ள பஞ்சலிங்கம்,

இது பத்மாசினி எழுதுகிற கடிதம் அல்ல. யாழ்ப்பாண இருதய, நெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் சங்கத்தின் செயலாளர் எழுதுகிற கடிதம். ஆகையால் சுகம் விசாரிக்கவில்லை.

நல்லூர்க் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் எங்கள் வருடாந்தக் கூட்டம், வழக்கம்போல் ஆஸ்பத்திரி மாடியில் எக்ஸ்றே பார்க்கிற அறையில் நடந்தது. கதிரவேலு வந்தார். ஊருக்கெல்லாம் மயக்கமருந்து கொடுக்கிற மனிதர், தன் பங்கையும் எடுத்துக்கொண்டவர் போல அரைவாசியில் நித்திரையானார். நீர் வரவில்லை. போன வருஷமும் வரவில்லை, அதற்கு முந்திய வருஷமும் வரவில்லை. எண்பத்துமூன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வருஷம் எவர் எங்கே நின்றோம் என்று எவருக்கும் தெரியாது.

தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் உறுப்புரிமை இழப்பார் என்பது ஒன்பதாம் விதி. நாம் இருவரும் கொழும்பில் பயிற்சி முடித்து ஊருக்கு வந்த வருஷம், இலண்டன் சங்கத்தின் விதிப்புத்தகத்தை வைத்து வரிக்கு வரி எழுதியவர் நீர்தான். விருந்துக்குக் கழுத்தில் கறுப்பு போ ரை முடிச்சுக் கட்டி வரவேண்டும் என்பதையும் விடாமல் எழுதினீர். எங்கள் விருந்து கதிரவேலு வீட்டுத் தோசை.

முதலாம் விதி மட்டும் எங்களுடையது. கூட்டம் தொடங்கியதும் ஒவ்வொருவரும் அந்த வருஷம் தம் கையில் இறந்தவர்களைப் பெயர் சொல்ல வேண்டும். அதற்கு முன் வேறு பேச்சு இல்லை. சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கேட்க வேண்டும்: வேறென்ன செய்திருக்கலாம்? இந்த முறை நான் என்னுடைய பெயர்களைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். குறட்டைதான் கேட்டது.

நீர் திரும்பவும் கொழும்பில் வேலைக்குப் போயிருந்தபோது, எண்பத்துமூன்று கலவரத்தில், வெள்ளவத்தையில் உம்முடைய அறையை எரித்தது எனக்குத் தெரியும். பயந்ததற்காக உம்மைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் உம்மைப் போல எல்லாம் இழந்தவர்கள் கப்பலேறி ஊருக்கு வந்தார்கள். நீர் விமானம் ஏறினீர். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உம்மை நீக்கியிருக்கிறோம் என்பதை அறியத்தருகிறேன்.

பத்மாசினி
செயலாளர்


லீட்ஸ்
16 நவம்பர் 1986

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

பத்மாசினி என்று எழுதினால் கோபிப்பீர்.

விதிப்புத்தகத்தின் என் பிரதி அறையோடு எரிந்துபோனது. ஆனாலும் நாலாம் விதி எனக்குப் பாடம்: மூன்று உறுப்பினர் இல்லாத கூட்டம் செல்லாது. நீரும் கதிரவேலுவும் இரண்டு பேர். அதிலும் ஒருவர் நித்திரை. ஆகவே என்னை நீக்கிய கூட்டம் கூட்டமே இல்லை. நான் இன்னும் உறுப்பினன்தான். புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். கதிரவேலுவின் தலையில் படும்.

போன மாதம் இங்கத்தைய நிபுணர் சங்கத்தில் என்னைச் சேர்த்தார்கள். போ ரை கட்டிக்கொண்டு விருந்துக்குப் போனேன். மெழுகுதிரிகள், கண்ணாடிக் கோப்பைகள், மெல்லிய சிரிப்புகள். ஒருவர் எழுந்து தம் ஆயிரம் சத்திரசிகிச்சைகளைப் பற்றிப் பேசினார். இறந்தவர்களைத் திரையில் வீதமாகக் காட்டினார். சிறிய எண்தான். இனிப் பெயர் சொல்வார் என்று காத்திருந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்து படுத்ததும் ஒரு கனவு. அதே விருந்து நீர்வேலியில், எங்கள் வாழைத்தோட்டத்துக்குள் நடக்கிறது. வெள்ளைத்துணி விரித்த மேசைகள் வாழைகளுக்கு நடுவே முடிவில்லாமல் போகின்றன. தண்ணீர் பாய்ச்சுகிற நேரம். எல்லாருடைய சப்பாத்தையும் நனைத்துக்கொண்டு வாய்க்கால் மெல்ல ஏறுகிறது, ஒருவரும் காலைத் தூக்கவில்லை. நீர் எழும்பிப் பெயர்களைச் சொல்கிறீர். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இலை அசைகிறது. காற்று இல்லை. கதிரவேலு விழித்திருந்தார், அதைக் கண்டுதான் இது கனவென்று பிடித்துக்கொண்டேன்.

கோபம் ஒருபுறம் இருக்கட்டும். என் தங்கை பூரணத்தின் நெஞ்சில் ஒரு சத்தம் இருக்கிறது. சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சல் விட்டுப்போனது. மாணவனாக இருந்தபோது நானே முதலில் கேட்டேன். வருஷத்துக்கொருமுறை ஸ்ரெதஸ்கோப் வைத்துப் பாரும். அம்மாவும் போனபிறகு அவளுக்கென்று அங்கே நான் கேட்கக்கூடியவர் நீர்தான்.

இன்னும் உறுப்பினனான,
பஞ்சலிங்கம்


நல்லூர்
7 பெப்ரவரி 1993

பஞ்சலிங்கம்,

ஆறு வருஷத்துக்கு மேலாக உமக்கு எழுதவில்லை. விதியைக் காட்டி என்னை மடக்கினீர், அது சுட்டது. பிறகு ஊரில் சண்டை, குண்டுகள், பிறகு இன்னொரு சண்டை. காரணமும் பழசாகிவிட்டது. பூரணத்தை மட்டும் வருஷம் தவறாமல் பார்த்து வந்தேன்.

அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. எத்தனையோ வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. வேண்டாம் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன்; கேட்டால்தானே. போன கிழமை அவளுடைய புருஷன் முத்துக்குமாரு சைக்கிளில் இருத்தி, ஏறி ஓடாமல், நீர்வேலியிலிருந்து உருட்டிக்கொண்டே வந்தார். கிணற்றடிக்குப் போய்வர இளைக்கிறது. நிமிர்ந்திருந்துதான் தூங்குகிறாள்.

இடப்பக்க வால்வின் இதழ்கள் இரண்டும் ஓரங்களில் ஒட்டி இறுகிவிட்டன. பிள்ளை வளர வளர இரத்தம் கூடும். அந்தச் சின்ன வாசலால் அது போகாது, நுரையீரலில் தேங்கும். எட்டாம் மாதத்தை அவள் காணமாட்டாள். கொழும்புக்கு அனுப்புவதென்றால், தரைவழி மூடிக்கிடப்பதால், கிளாலியில் வள்ளம் ஏறவேண்டும். தை பிறக்க முன் அந்தக் கடலில் வள்ளத்தில் போன சனத்தைக் கொன்றது உங்கள் பேப்பரிலும் வந்திருக்கும். தப்பிக் கரை சேர்ந்தாலும் உழவு இயந்திரப் பெட்டியில் காட்டுவழி. இவள் தாங்கமாட்டாள்.

ஆகவே விரலால் செய்ய யோசிக்கிறேன். நெஞ்சைத் திறந்து, துடித்துக்கொண்டிருக்கிற இதயத்தின் மூலையால் சுட்டுவிரலை உள்ளே விட்டு, ஒட்டிய வால்வைத் தடவிப் பிரிக்கிற பழைய முறை. யந்திரம் ஒன்றும் தேவையில்லை, ஒன்றும் இங்கே இல்லை. கொழும்பில் நீர் செய்தபோது எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் விரல் உள்ளே போனபின் வெளியில் நிற்பவளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? நீர் கண்களை மூடியிருந்தீர். அதுதான் எனக்கு ஞாபகம். அந்தக் கண்ணுக்குள் என்ன இருந்ததென்று எழுதும்.

பத்மாசினி


லீட்ஸ்
10 மார்ச் 1993

பத்மாசினி,

வேண்டாம்.

இங்கே அந்த முறையை விட்டு எவ்வளவோ காலம். சங்கக் கூட்டத்தில் ஒரு பழைய ஆளிடம் கேட்டேன். அருங்காட்சியகத்துக்கு வழி கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நீர் ஒருநாளும் செய்யாத ஒன்று. என்ரை தங்கச்சியிலையோ பழகப் பார்க்கிறீர்?

எப்படியாவது கொழும்புக்கு அனுப்பும். நான் லீவு எடுத்து வந்து நிற்கிறேன். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பஞ்சலிங்கம்


நல்லூர்
2 ஏப்ரில் 1993

அன்புள்ள பஞ்சலிங்கம்,

உம்முடைய கடிதத்தைப் பூரணத்துக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும், கடைசிக் கேள்வி உட்பட. அவள் தலையணையில் சாய்ந்திருந்து, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“அண்ணைக்கு விசர் பிடிச்சிட்டுது. கொழும்புக்குப் போற வழியிலை நான் செத்தால் அவருக்குச் சுகம், ஒருதரின்ரை கையிலையும் செத்ததா இராது. நீங்கள் செய்யுங்கோ அக்கா. ஆள் வராட்டில் விரலையாவது அனுப்பச் சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிக்க மூச்சுப் போதவில்லை. முத்துக்குமாரு வெளியே போய் நின்றுகொண்டார்.

உம்முடைய கேள்விக்குப் பதில்: ஓம், பூரணத்தில்தான் பழகப் போகிறேன். முதல்முறை செய்கிறவள் எவரிலோ ஒருவரில்தான் பழகவேண்டும். அது உம்முடைய தங்கையாக இருப்பது எனக்கும் சந்தோஷமான விஷயம் அல்ல. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

இனிச் சங்க விஷயம். நாலாம் விதிபற்றி அன்று நீர் எழுதியது சரி. நீக்கம் செல்லாது. நீர் உறுப்பினர். ஆகவே ஆறாம் விதிக்குக் கட்டுப்பட்டவர்: ஓர் உறுப்பினர் கேட்டால் மற்றவர் தமக்குத் தெரிந்ததை ஒளிக்கக்கூடாது. மடக்கியவர் நீர், இப்போது நீரே மடங்கும்.

வைகாசி நடுவில் செய்கிறேன். உம்முடைய கடிதம் வந்தால் அதோடு, வராவிட்டால் அது இல்லாமல். முதலாம் விதிப்படி இறந்தவர்களில் தொடங்கி எழுதும்.

பத்மாசினி


லீட்ஸ்
25 ஏப்ரில் 1993

அன்புள்ள பத்மாசினி,

இறந்தவர்கள். களுத்துறை சுமணாவதி, இதழ் கிழிந்தது. மாத்தளையிலிருந்து வந்த ஒரு பெடியன், பெயர் பண்டா. வால்வு சுண்ணாம்பாக இறுகியிருந்தது, துண்டொன்று உடைந்து மூளைக்குப் போனது. விரலால் செய்ததில் என் கையில் போனவர்கள் இவர்கள். மற்றவர்கள் எழும்பி நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

சலவைக்குப் போய்க் கஞ்சி போட்டு வருகிற எங்கள் வெள்ளைக் கோட்டை நினையும். பொத்தான் ஓட்டை ஒட்டிப்போய் இருக்கும். அவசரக்காரன் நடுவில் குத்துவான், சீலை கிழியும். சுமணாவதியில் நான் செய்தது அதுதான். மூலையைத் தேடிப் பிடித்து மெல்ல அமத்தினால் கஞ்சி மட்டும் விடும், சீலைக்கு ஒன்றும் ஆகாது. வால்வுக்கு மூலைகள் இரண்டு. முன்மூலையில் தொடங்கும். கோட்டுகளில் பழகும், கண்ணை மூடிக்கொண்டு. கஞ்சி தடிப்பாகப் போடச் சொல்லும்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது சூடு. நினைத்ததைவிடக் கூடச் சூடு. பிறகு ஒரு சிலிர்ப்பு, மடியில் கிடக்கிற பூனை உறுமுவதுபோல. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அங்கேதான் வாசல். விரலைத் தள்ள வேண்டாம், இரத்தம் தானே கூட்டிக்கொண்டு போகும். வாசலில் விரல் நிற்கையில் இதயத்துக்கு வழி அடைபடும், ஆகவே சில துடிப்புக்கு மேல் நிற்க வேண்டாம். வெளியில் எடுத்து, அது மூச்சுவாங்கியபின் திரும்பப் போம். பூனை அடங்கினால் வேலை முடிந்தது.

கண்ணுக்குள் என்ன இருந்ததென்று கேட்டீர். ஒருவருக்கும் சொன்னதில்லை, சிரிப்பார்கள். தண்ணீருக்குக் கீழே ஒரு வீடு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத வீடு. ஒரு கதவு திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது. நான் உள்ளே நிற்கிறேன். வீட்டுக்காரர் அடுத்த அறையில் நடமாடுகிறார், என்னைக் கண்டால் கோபிக்கமாட்டார் என்று மட்டும் தெரியும். அங்கே நேரம் இல்லை. ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது ஏதோ ஒன்றை விட்டுவிட்டு வந்தது போலிருக்கும். இங்கே வந்தபின் அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. இங்கே இதயத்தை நிறுத்திவைத்து வெளிச்சம் போட்டு வேலை செய்கிறோம். நல்லதுதான். வீடு மட்டும் இல்லை.

போன கடிதத்தில் எழுதியதை மறவும். பயத்தில் எழுதியது. எது நடந்தாலும் உம்மைக் கோபிக்கமாட்டேன். பூரணத்துக்குச் சொல்லும், விரலை அனுப்பியிருக்கிறேன்.

பஞ்சலிங்கம்


நல்லூர்
22 ஓகஸ்ற் 1993

அன்புள்ள பஞ்சலிங்கம்,

தீர்த்தம் முடிந்த மூன்றாம் நாள் வருடாந்தக் கூட்டம் நடந்தது. நீர் இருக்கிற கதிரையையும் போட்டிருந்தோம். அறிக்கை பின்வருமாறு. விதிப்படி முதலில் இறந்தவர்கள்.

முதலாவது, பருத்தித்துறை வின்சன்ற். கடற்றொழிலாளி, நெஞ்சில் ஷெல் வெடித்த இரும்புத்துண்டு. வேறென்ன செய்திருக்கலாம்: இரத்தம் கிடைத்திருந்தால் இன்னும் ஏற்றியிருக்கலாம்.

இரண்டாவது, உடுவில் சோமசேகரம் மாஸ்ரர், நுரையீரலில் புற்று. வேறென்ன செய்திருக்கலாம்: திறக்காமலே விட்டிருக்கலாம், நாலு நாள் வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பார். அது என்னுடைய பிழை.

மூன்றாவது, கைதடித் தங்கமுத்து. நெஞ்சில் சீழ் கட்டி, காலம் கடந்து வந்தவ. மருந்து இருக்கவில்லை. அங்கே உம்மிடம் இருக்கிற மருந்தில் ஒரு பெட்டி போதும்.

நான்காவது, நீர்வேலி இரத்தினம்மா. கசநோய் தின்ற நுரையீரல், திடீரென்று இரத்தமாகக் கக்கினா. நான் கை கழுவி வர முன்னமே முடிந்துவிட்டது. வேறென்ன செய்திருக்கலாம் என்று கதிரவேலு கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் திரும்பவும் கேட்டார். அதற்குத்தான் சங்கம்.

பூரணத்தின் சங்கதியை வைகாசியில் எழுதியிருந்தேன், அறிந்திருப்பீர். அந்த அவசரக் கடிதத்தில் விட்டதை இப்போது சொல்கிறேன். உம்முடைய கடிதம் சத்திரசிகிச்சைக்கு முந்திய கிழமை வந்தது. கதிரவேலுவின் கோட்டுகள் எல்லாவற்றிலும் பழகினேன். இரண்டு கிழிந்தன. மனிதர் இப்போது வெறும் சட்டையோடு திரிகிறார்.

அன்றைக்கு ஜெனரேற்றர் நடுவில் நின்றுவிட்டது. விளக்கு அணைந்தபோது என் விரல் உள்ளே இருந்தது. கண்ணை ஏற்கனவே மூடியிருந்தேன், அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது உம்முடைய தண்ணீர் வீடு இல்லை. வெயில். நல்ல மத்தியானத்து வெயிலில், எங்கள் உடுவில் வீட்டு முற்றத்தில் நிற்கிறேன். வாசல் படலைக்கு வெளியே யாரோ தட்டுகிறார்கள். விடாமல், மரியாதையாகத் தட்டுகிறார்கள். படலை மழையில் ஊறி இறுகியிருக்கிறது. மூலையில் அமத்தினேன். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, அடுத்ததில் விட்டது. பூனை அடங்கியது. “நாடி நல்லா வருது” என்று கதிரவேலு இருட்டுக்குள் கத்தினார். கையால் காற்றுப்பையை அமத்திக்கொண்டே அழுதார். நானும்தான்.

மயக்கம் தெளிந்ததும் பூரணம் முதலில் கேட்டது: “அண்ணையின்ரை விரலைத் திருப்பி வெளியிலை எடுத்தாச்சோ?”

ஆடிக் கடைசியில் பெண்பிள்ளை பிறந்தது. கனகாம்பிகை என்று பெயர். தாய் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துத் தூங்குகிறாள். அதை நான் போய் நின்று பார்த்தேன்.

கூட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. “பிள்ளையை எந்த விதிக்குக் கீழை எழுதுறது?” என்று கதிரவேலு கேட்டார். தேடிப் பார்த்தோம். உயிரோடு இருப்பவர்களைச் சொல்ல எங்கள் விதிகளில் இடமே இல்லை. இறந்தவர்களுக்குப் பின் அவர்களையும் சொல்லலாம் என்று புதுவிதி ஒன்று சேர்க்க விரும்புகிறோம். மூன்றாம் உறுப்பினரின் சம்மதம் இல்லாமல் செல்லாது. எழுதும்.

பத்மாசினி


லீட்ஸ்
3 ஒக்ரோபர் 1993

அன்புள்ள பத்மாசினி,

புதுவிதிக்குச் சம்மதம்.

நீர் வைகாசியில் எழுதிய கடிதம் எனக்கு வரவில்லை. கிளாலியில் தண்ணீரில் போனதோ, வழியில் எந்தச் சோதனையில் நின்றதோ தெரியாது. கோடை முழுவதும் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டு எழுதவும் பயம். கேட்டால் பதில் வரும். கேட்காதவரைக்கும் பூரணம் ஏதோ ஒரு மாதிரி இருந்துகொண்டிருந்தாள். வேலைக்குப் போனேன், வந்தேன். சங்கத்தின் விருந்துக்கும் ஒருமுறை போனேன். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

உம்முடைய இந்தக் கடிதத்தைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பிரித்தேன். வின்சன்ற், சோமசேகரம் மாஸ்ரர், தங்கமுத்து. நீர் தாளை மிச்சம் பிடித்து நெருக்கி எழுதுகிறவர். முதல் பக்கத்தின் கடைசி வரி இப்படி முடிந்திருந்தது: “நான்காவது, நீர்வேலி”.

பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. அங்கே கிடந்த மரவாங்கில் உட்கார்ந்தேன். பேருந்துகள் வந்து போயின. கண்ணை மூடாமலே பழைய கனவு வந்தது. வாழைகள், வெள்ளைத்துணி, ஏறுகிற தண்ணீர். நீர் பெயர் சொல்ல வாயைத் திறக்கிறீர். எந்த இலை அசையப்போகிறதென்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உம்மைக் கோபிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்த வாங்கில் இருந்து உம்மைக் கோபித்தேன். என்னையும், விரலையும், விதியை எழுதிய எங்கள் மூவரையும்.

பிறகு திருப்பினேன். இரத்தினம்மா.

நான் சிரித்தேன், பத்மாசினி. தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிள்ளையின் பெயர்வரைக்கும் வாசித்து முடித்து வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றும்போதுதான் அந்த இரத்தினம்மா யார் என்று ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் குலை சுமந்தவ. பூரணம் வாதக்காய்ச்சலில் கிடந்தபோது, முழங்கால் வீங்கி அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தவ. நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலாம் விதியை ஒருநாளும் மாற்ற வேண்டாம். இந்த வருஷ அறிக்கையில் என் பங்கு வெறுமையாகத்தான் இருக்கும். அதில் இப்படி எழுதும். பஞ்சலிங்கம், இறந்தவர்: நீர்வேலி இரத்தினம்மா. வேறென்ன செய்திருக்கலாம் என்று கதிரவேலு கேட்பார். அவவின் பெயரைக் கண்டு சந்தோஷப்படாமல் இருந்திருக்கலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லும்.

பஞ்சலிங்கம்
உறுப்பினர்